உறையின் பின்புறம்

பின்னறைக் கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி உண்டு. உள்பக்கம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் அது சரக்கறை. சரக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் கேட்பதில்லை. பிறகு நடுவில் பலகை அடித்து, முன்பாதியை மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்தார்கள். கத்திப் பிடிக்கான மரக்கட்டைகள் பின்பாதியிலேயே இருந்தன. அவற்றை எடுக்க முன்பாதியைக் கடந்துதான் போகவேண்டும். மாமனார் வருவார், மச்சான் வருவான், மாமியார் விளக்குமாற்றோடு வருவார். "மரம் எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டேதான் வருவார்கள். வாசலில் தொடங்கும் அந்த வாக்கியம் கட்டிலருகே முடியும். பதினொரு வருஷத்தில் அந்தக் கதவை ஒருவரும் தட்டியதில்லை.

மருமகன் இந்த வீட்டுக்கு வந்தது இரண்டு மாதத்துக்கு. செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தான். தொழிற்சாலையை மூடினார்கள். வேறு வேலை அமையும்வரை இங்கே இருக்கலாம் என்று மாமனார் சொன்னார். மாமனார் கத்தி அடிப்பவர். அவருக்கு உறை தைத்துக் கொடுத்தவர் அந்த வருஷம்தான் மகனோடு வேறு ஊருக்குப் போயிருந்தார். சும்மா இருக்கும் கை ஒன்று, உறையில்லாத கத்திகள் பத்துப் பன்னிரண்டு. முதல் உறையைத் தைத்தபோது அவன் மகள் பிறக்கவில்லை. இப்போது அவள் நான்காம் வகுப்பு.

தெருவில் அவனை 'உறை' என்றுதான் கூப்பிட்டார்கள். டீக்கடையில்கூட "உறைக்கு ஒரு டீ" என்பார்கள். மச்சான் வந்தவர்களிடம் எல்லாம் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: "கத்தி எங்கப்பாவோடது, உறை எங்க மாப்பிள்ளையோடது. கத்தியாவது வித்துப் போயிடும்." எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஏதாவது சொல்லவேண்டுமே என்று முதல் வருஷம் யோசித்ததுண்டு.

மாமனார் சிரித்ததில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும். மருமகனை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. சாப்பாட்டில் முதல் தட்டு அவனுக்குத்தான். அவனிடம் ஒரே ஒரு கேலி வைத்திருந்தார். அவன் "மாமா, ஒரு விஷயம்" என்று தொடங்கினால் போதும், "நூல் தீர்ந்துபோச்சா?" என்று கேட்பார். உண்மையில் பல சமயம் நூல்தான் தீர்ந்திருக்கும். மற்ற சமயங்களில் அவன் தீர்ந்துவிட்டதாகச் சொல்லிவிடுவான். மேசையின் இழுப்பறையில் மெழுகு நூல் பதினேழு உருண்டை இருந்தது.

திங்கட்கிழமை கப்பல் சமையல்காரர் வந்தார். பெரிய வயிறு, சின்னக் குரல். மாமனாரிடம் அவர் சொல்லியிருந்த கத்தி தயாராகிவிட்டது. லாரியின் வில் தகட்டில் அடித்தது, ஐந்தரை அங்குலம், கறுப்பு மரப் பிடி. உறைக்கு வேண்டியதைத் தானே கொண்டுவந்திருந்தார். செய்தித்தாளைப் பிரித்தால் உள்ளே காய்ந்து விறைத்த ஒரு தோல், இரண்டு உள்ளங்கை அகலம். திருக்கை மீனின் முதுகு. மேலெல்லாம் கடுகளவு வெள்ளை மணிகள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. நடுவில் மட்டும் மிளகளவில் பெரிய மணிகள் ஒரே வரிசையாக ஓடின. விரலை ஒரு பக்கமாக ஓட்டினால் கண்ணாடி, மறுபக்கமாக ஓட்டினால் அரம்.

எங்கோ ஒரு துறைமுகத்தில் கிடைத்தது, ஒன்றுதான், சனிக்கிழமை மத்தியானம் கப்பல் ஏறுகிறேன், அதற்குள் வேண்டும் என்றார். வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று பின்னறைக்கும் வந்தார். கட்டில், கட்டிலின் கால்மாட்டில் மேசை, மேசைமேல் தோல் வெட்டும் கருங்கல் பலகை, மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே விழும் வெளிச்சத்தில்தான் வேலை. ஜன்னல் இல்லை. அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தச் சுற்றுக்கு இரண்டடிதான் தேவைப்பட்டது.

"கப்பல்ல என் ரூமு இதைவிடச் சின்னது," என்றார். "ஆனா உள்ள போனா தாழ்ப்பாள் போட்டுக்கலாம். இங்க தாழ்ப்பாள் எங்க?"

"வீட்டு ஆளுங்கதானே," என்றார் மாமனார்.

"அதுக்குத்தான் தாழ்ப்பாளே. திருடன் தாழ்ப்பாளைப் பார்த்தா பயப்படப்போறான்?"

மாமனார் கதவின் உட்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். புதிதாக ஏதோ சொல்லப்பட்டதுபோலப் பார்த்தார்.

புதன்கிழமை அவன் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். இரண்டு தெரு தள்ளி, மூடிக்கிடக்கும் அச்சகத்தின் மாடியில் ஒரு பெரிய அறையும் சமையலறையும் காலியாக இருந்தன. மூன்று மாதமாக அந்த வழியே போகும்போதெல்லாம் மேலே பார்த்துக்கொண்டு போனான். அன்றைக்குப் படியேறினான். தெருப் பக்கமாக ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல். அதன் கீழே மேசையைப் போட்டால் காலையிலிருந்து நாலு மணிவரை விளக்கு வேண்டாம். வேறு இரண்டு கத்திக்காரர்களும் ஒரு பைக் கடையும் அவனிடம் வேலை தரத் தயாராக இருந்தார்கள். மாமனாருக்கும் அங்கிருந்தே தைத்துக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். வீட்டுக்காரம்மா வயதானவள், காது மந்தம். அவன் கையில் சாவியைத் திணித்தாள்.

"சனிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் வச்சுக்கோ. வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டு. பன்னெண்டுக்கு மேல இன்னொருத்தர் வர்றார். அவர்கிட்ட இடம் இல்லேன்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

நீளமான இரும்புச் சாவி. தண்டு குண்டாக, நுனியில் மூன்று பல். சட்டைப் பையில் போட்டால் துணி இழுத்தது.

வியாழக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். அவள் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டு அதன்மேல் கை வைத்தபடி சற்று நேரம் நின்றாள். திரும்பும் வழியில்தான் பேசினாள். நான் வருகிறேன், ஆனால் அப்பாவிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றாள். தான் சொன்னால் மகள் கேட்கிறாள் என்று உடனே சரி என்பார், பிறகு வாழ்நாள் முழுக்க மாப்பிள்ளைக்கு நாம் என்ன குறை வைத்தோம் என்று தேடிக்கொண்டே இருப்பார்.

"சொல்றேன்," என்றான்.

"பதினோரு வருஷமா கத்திக்கு உறை தைக்கிறீங்க," என்றாள் அவள். "ஒருநாளாவது கத்தியை வெளிய எடுங்க."

அன்று பிற்பகலே அவள் மகளின் பழைய புத்தகங்களை ஒரு பையில் கட்டினாள். பழைய பேப்பர்காரருக்குப் போடவா என்று மாமியார் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

திருக்கைத் தோலில் ஊசி இறங்காது. அந்த மணிகள் எலும்புக்கும் பல்லுக்கும் நடுவிலான ஏதோ ஒன்று. கத்தரிக்கோல் இரண்டு வெட்டில் மொக்கையாகிவிடும். தகரம் வெட்டும் கத்தரியால் நறுக்கினான். நடு வரிசை உறையின் நடுவில் நேராக இறங்கவேண்டும், ஒரு நூலிழை சாய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். முன்பக்கத்துக்கு மரப்பட்டையில் பதப்படுத்திய மாட்டுத்தோல். உப்பில் பதமானது ஆகாது, தகடு துருப்பிடிக்கும். அதன் நடுவில் இலை வடிவத்தில் ஒரு சாளரம் வெட்டினான். அந்தச் சாளரத்துக்கு அடியில் மீன்தோல் வந்து உட்காரும். மீன்தோலின் ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து மணிகளைக் கரைத்துத் தட்டையாக்கினான். அப்போதுதான் மேல்தோல் மேடுதட்டாமல் படியும். வெள்ளைத் தூள் பறந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, மீன் செத்த பிறகும் கோபமாக இருக்கிறது என்றாள். பின்னால் மெல்லிய ஆட்டுத்தோல் ஒன்றை ஒட்டினான், மணிகளின் அடிப்பக்கம் தகட்டைக் கீறாமலிருக்க. மூன்று தோல் சேர்ந்து ஒரு முன்பக்கம்.

பிறகு இடைவார். கத்தியின் கூர் இருக்கும் விளிம்பில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வைக்கும் தடித்த ஒரு வார். வெளியே தெரியாது. கத்தியை உருவும்போதும் செருகும்போதும் கூர் அதில்தான் உரசும். அது இல்லையென்றால் நூல் அறுந்து உறை பிளந்துவிடும். எல்லா வெட்டையும் வாங்கிக்கொள்ள ஒருவன் நடுவில் வேண்டும் என்று மாமனார் அதைப் பற்றிச் சொல்வார். சொல்லும்போது அவருக்கு வேறு அர்த்தம் எதுவும் இருக்காது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பின்பக்கத் தோலை வெட்டினான். அதில்தான் மாமனாரின் முத்திரை விழும். அந்த முத்திரையை அவர் யாரிடமும் கொடுப்பதில்லை, மகனிடம்கூட. இடுப்பில் வைத்திருப்பார். ஒரு கத்திக்கு ஒரு தடவைதான் அடிப்பார். அவரே வந்தார். ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்த தோலின் முகப்பில் முத்திரையை நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடி. பார்த்துத் திருப்தியாகிப் போனார்.

அவன் தோலைத் திருப்பிப் போட்டான். முகப்பு கல்லைப் பார்த்துக் குப்புறக் கிடந்தது. அடிப்பக்கத்திலிருந்து ஓரங்களைச் சீவி மெலிதாக்கவேண்டும். அதற்காக இன்னும் கொஞ்சம் தண்ணீர் காட்டினான். குனிந்து சீவும்போது சட்டைப் பையிலிருந்த சாவி மார்பில் குத்தியது. எடுத்துக் கல்லின் ஓரத்தில் வைத்தான்.

"மரம் எடுக்கணும்," என்று மாமனாரின் குரல் கேட்டது. குரலோடு அவரும் உள்ளே இருந்தார்.

கை தானாக வேலை செய்தது. ஈரத்தோலின் ஓரத்தைத் தூக்கிச் சாவியை அடியில் தள்ளிவிட்டது.

மாமனார் பின்பாதிக்குப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். தோலைப் பார்த்தார். நடுவில் லேசாகப் புடைத்திருந்தது.

"இப்பவே சுருளுது பாருங்க, மாப்பிள்ளை. கனம் வைக்கலையா?"

உடைந்த அடைகல்லின் இரும்புத் துண்டு ஒன்று மேசையடியில் கிடக்கும், நாலு கிலோ இருக்கும். அதை அவரே குனிந்து எடுத்தார். தோலின்மேல் வைத்தார். வைத்ததோடு விடாமல் முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டார். பேச வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

அவர் பேசியது முத்திரையைப் பற்றி. அவர் தகப்பனார் காலத்தில் செய்தது அது. கத்தியைப் பார்க்கிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் உறையைத்தான் தடவுகிறார்கள், அதை அவர் கவனித்திருக்கிறார். அதனால் முத்திரையை மாற்றப்போகிறார். கீழே ஒரு குறி சேர்க்கவேண்டும், அது மருமகனின் குறியாக இருக்கவேண்டும். என்ன குறி என்று அவனே யோசித்துச் சொல்லட்டும். மகனுக்கும் சொல்லியாயிற்று, முதலில் முறுக்கிக்கொண்டான், பிறகு சரி என்றான்.

"நீங்க இல்லேன்னா என் கத்தியெல்லாம் அம்மணமாத்தான் திரியும்," என்றார்.

அவன் பார்வை அவர் முழங்கையில் இருந்தது. அதன் கீழே இரும்பு. இரும்பின் கீழே தோல். இப்போது சொல்லிவிடலாம், இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. அதே கணத்தில், இதைவிடக் கெட்ட நேரமும் கிடையாது என்று தோன்றியது. குறி யோசித்துச் சொல்கிறேன் மாமா என்றான். அவர் கால் மணி நேரம் இருந்தார். எழுந்து போகும்போது மரம் எடுக்க மறந்துவிட்டார்.

இரும்பைத் தூக்கித் தோலைத் திருப்பினான்.

முத்திரைக்கு இரண்டு விரல் கீழே சாவி பதிந்திருந்தது. பையிலிருப்பதைவிடத் தெளிவாக இருந்தது. வளையம், தண்டு, மூன்று பல், மூன்றாவது பல்லில் இருந்த சிறு உடைசல்வரை. பாதி ஈரத்திலிருக்கும் தோல் எதையும் விடாது. நகம் பட்டால் நகம், மோதிரம் பட்டால் மோதிரம். தொழிற்சாலையில் முதல் நாள் தெரிந்துகொண்ட பாடம். இருபது வருஷத்தில் அவன் ஒரு தடம்கூட விழவிட்டதில்லை.

மறுபடி நனைத்தான். வழவழப்பான எலும்புத் துண்டால் தேய்த்தான். பற்கள் கொஞ்சம் மழுங்கின, தண்டு கொஞ்சம் ஆழம் குறைந்தது. அதற்குமேல் தேய்த்தால் தோலின் முகம் செத்துவிடும். வேறு தோல் வெட்டலாம். தோல் இருந்தது. முத்திரைக்கு மறுபடி அவரிடம் போகவேண்டும். பதினொரு வருஷத்தில் ஒரே கத்திக்கு இரண்டாம் முத்திரை கேட்டதில்லை. ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்லமுடிந்தவனாக இருந்தால் தோலைக் கெடுத்திருக்கவே வேண்டாம்.

மனைவி வந்து பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இப்படியே கொடுத்துடுங்க," என்றாள். "தோலே சொல்லிடும். நீங்க சொல்லவேண்டிய வேலை மிச்சம்."

"விளையாடாதே."

"நான் விளையாடலை," என்றாள். சிரிப்பு நின்றிருந்தது.

இடுப்புவாரில் உறையைக் கோத்துக்கொள்ளப் பின்பக்கத்தில் ஒரு பட்டை வைத்துத் தைப்பது வழக்கம். ஒன்றரை விரல் அகலம் போதும். அவன் மூன்று விரல் அகலத்தில் வெட்டினான். மேலும் கீழும் இரண்டிரண்டு வரியாகத் தைத்தான். நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளையில் இரண்டு பக்கத்திலிருந்தும் நுழைத்து இழுக்கவேண்டும். ஒரு தையல் விட்டாலும் மறுதையல் பிடித்துக்கொள்ளும். அவிழவே அவிழாத தையல் அது. பட்டை சாவியை மூடியது. பிறகு முன்பக்கம், இடைவார், பின்பக்கம் மூன்றையும் சேர்த்து ஒட்டி, குத்தூசியால் துளையிட்டுச் சுற்றிலும் தைத்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, கத்தியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே செருகி, தோல் கத்தியின் உடம்பைப் பிடித்துக்கொள்ளும்வரை விரலால் அழுத்தினான். மின்விசிறியின் கீழே வைத்தான். தண்ணீர் எல்லாவற்றையும் தளர்த்துமே, பட்டைக்கு அடியிலும் தளர்த்தாதா என்று ஒரு நப்பாசை இருந்தது.

சனிக்கிழமை காலை உறை நன்றாக விறைத்திருந்தது. கத்தியைச் செருகினால் கடைசி அரை அங்குலத்தில் 'டொக்' என்று தானே போய் உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழவில்லை. சாளரத்தில் வெள்ளை மணிகள், நடுவில் பெரிய மணிகள் நேர்கோட்டில் இறங்கின. அவன் தைத்ததிலேயே நல்லது அதுதான். பட்டைக்கடியில் விரலை விட்டுப் பார்த்தான். சாவி இருந்தது.

பத்தரைக்கு சமையல்காரர் பெட்டி படுக்கையோடு வந்தார். மாமனார் உறையை வாங்கி முதலில் தான் பார்த்தார். அவருக்குக் கண்ணைவிடக் கட்டைவிரலில் நம்பிக்கை. தகட்டின் கூர்மையைக் கட்டைவிரலால்தான் பார்ப்பார், பேத்தியின் காய்ச்சலையும் அப்படித்தான் பார்ப்பார். முன்பக்கத்தைத் தடவினார், தலையாட்டினார். திருப்பினார்.

"பட்டை எதுக்கு இவ்வளவு அகலம்?"

"கனமான கத்தி மாமா. தாங்கணும்."

அவர் பட்டைக்குள் இரண்டு விரலை விட்டார். விரல்கள் உள்ளே போய் நின்றன. சமையல்காரர் தன் கப்பலில் புதிதாக வந்திருக்கும் கேப்டனின் பல்செட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் அதைக் கேட்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விரல் மட்டும் நகர்ந்தது. மெதுவாக மேலே போயிற்று, கீழே வந்தது, நுனியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நின்றது. பிறகு விரலை எடுத்து உறையை சமையல்காரரிடம் கொடுத்தார்.

சமையல்காரர் அங்கேயே இடுப்பில் கோத்துக்கொண்டார். வயிற்றை உள்ளிழுத்துப் பார்த்தார், கத்தி தெரியவில்லை. இனி வயிற்றைக் குறைக்க ஒரு காரணம் கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேச்சு தெருமுனைவரை ஓயவில்லை.

பட்டறையில் இருவர் மட்டும். மச்சான் கரி வாங்கப் போயிருந்தான். மாமனார் சாணைச் சக்கரத்தைப் போட்டார். அடுத்த கத்தியை எடுத்தார். பொறி பறந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே கேட்டார்.

"பட்டைக்கு அடியில ஏதோ பதிஞ்சிருக்கே?"

"ஆமா மாமா. ஈரத்துல ஒரு சாவி கிடந்திருக்கு. கவனிக்கலை."

"பெட்டிச் சாவியா?"

"ஆமா."

"பெட்டிச் சாவி இவ்வளவு நீளம் இருக்காதே." தகட்டைத் திருப்பி மறுபக்கத்தைச் சாணையில் வைத்தார். "கதவுச் சாவி மாதிரி இருந்துச்சு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. அச்சக மாடிக்கு நடந்து போக ஐந்து நிமிஷம். பின்னறையில் மனைவி மகளின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பள்ளி இல்லை. தனக்கு ஏன் நல்ல சட்டை போட்டுத் தலைவாருகிறாய் என்று மகள் கேட்பது காதில் விழுந்தது.

"மாமா, ஒரு விஷயம்," என்றான்.

மாமனார் "நூல் தீர்ந்துபோச்சா?" என்று கேட்கவில்லை. கையை நீட்டிச் சாணையை அணைத்தார். அதுவரை யாருக்காகவும் அவர் ஓடும் சக்கரத்தை அணைத்ததில்லை. சக்கரம் உடனே நிற்காது. சுற்றிச் சுற்றி, சத்தம் இளைத்து, கடைசியில் கல்லின் மேலிருக்கும் கறுப்புப் பொட்டு கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகி நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை அவன் அதிகம் பார்த்ததில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடியின் தடம் பதிந்திருந்தது.

"சொல்லுங்க, மாப்பிள்ளை."

முதல் சொல் அவனிடம் இருந்தது. மூன்று மாதமாக இருந்தது. 'நாங்க' என்று தொடங்கவேண்டும். 'நாங்க ஒரு வீடு பார்த்திருக்கோம்.' நாலே சொல். அவர் காத்திருந்தார். கோபமாகக் காத்திருந்தால் சொல்லியிருப்பான். அவர் முகத்தில் கோபம் இல்லை. எது வந்தாலும் சரி என்று கன்னத்தைக் கொடுப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"மெழுகு நூல் தீர்ந்துபோச்சு."

மாமனார் அவனைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"வாங்கிக்கலாம்," என்றார். சாணையைப் போட்டார்.

அவன் வெளியே போனான். அச்சக மாடியில் வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சாவியை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். பிடிக்கவில்லையா என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்றான். அவளுக்குக் காதில் விழவில்லை. ஜன்னல் பெரிதாக இருப்பது சிலருக்கு ஒத்துவருவதில்லை, அவளாகவே சொல்லிக்கொண்டாள். படியில் இறங்கும்போது எதிரே ஒருவன் மனைவியோடு ஏறி வந்தான். இவன் ஒதுங்கி வழிவிட்டான். பிறகு கடைக்குப் போய் இரண்டு உருண்டை நூல் வாங்கினான். நூல் இல்லாமல் வீட்டுக்குப் போகமுடியாது.

மனைவி அவன் கையைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள். புத்தகப் பையின் கட்டை அவிழ்த்து, புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் பழையபடி அடுக்கினாள். பழைய பேப்பர்காரர் வரவில்லையா என்று மாமியார் கேட்டார். வரவில்லை என்றாள். மகளிடம், சட்டையை மாற்று, அழுக்காகும் என்றாள். பிற்பகல் முழுக்க பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. சனிக்கிழமை பிற்பகல் மாமனார் உலை மூட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஒரு துணி மூட்டையும் திருப்புளியுமாகப் பின்னறைக்கு வந்தார். துணிக்குள் ஒரு தாழ்ப்பாள். கடையில் வாங்கியதல்ல. சமையல்காரர் கத்திக்கு வெட்டியது போக மிஞ்சிய வில் தகட்டில் அடித்தது. தேய்த்து மெருகேற்றி, பிடிக்க வசதியாக நுனியைச் சுருட்டியிருந்தார். கதவின் உட்பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, தானே திருகாணிகளை முடுக்கினார். உதவிக்குக் கை நீட்டியவனை வேண்டாம் என்றார். மச்சான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"இவ்வளவு நாளாத் தோணவே இல்லை பாருங்க," என்றார் மாமனார் கதவிடம். "எவனோ கப்பல்காரன் வந்து சொல்லவேண்டியிருக்கு." பிறகு திரும்பி, "உள்ளேயிருந்து போட்டுப் பாருங்க, மாப்பிள்ளை," என்றார்.

மற்றவர்கள் வெளியே நின்றார்கள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைத் தள்ளினான். எண்ணெயில் நழுவுவதுபோலப் போய், கடைசியில் 'டொக்' என்று உட்கார்ந்தது. கை வைத்தால் தெரிந்தது, ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. அவர் கைவேலை அப்படித்தான் இருக்கும்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா திருகாணி முடுக்கியபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணாடி ஓட்டிலிருந்து இறங்கிய வெளிச்சம் கல்மேசையில் சதுரமாகக் கிடந்தது. அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கா?" என்று வெளியேயிருந்து குரல்.

"நல்லா இருக்கு மாமா."

"இழுத்தா வருமா?"

"வராது மாமா."

வெளியே காலடிகள் விலகிப் போயின. அவன் கதவருகிலேயே நின்றான். திறந்துவிடலாமா, கொஞ்சநேரம் இப்படியே இருக்கலாமா என்று புரியவில்லை. இருந்தால் எவ்வளவு நேரம் இருப்பது மரியாதை என்றும் தெரியவில்லை. மனைவி கடைசித் துணியை மடித்து வைத்தாள்.

"குறி என்னன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டாள். "முத்திரைக்கு."

அவன் பதில் சொல்லுமுன் கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு, நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அந்த வீட்டில் யாரும் தட்டிப் பழகாத தட்டு.

"மாப்பிள்ளை," என்றது மாமியாரின் குரல், வெகு மரியாதையாக. "கொஞ்சம் திறங்க. மரம் எடுக்கணும்."